டேஷ்போர்டில் பிள்ளையார் ஒட்டலாமா? காரின் உள்பாகங்களை டிசைன் பண்ணும் இன்ஜினியரின் வேலை என்ன?

புது கார் வாங்கியதும் கோயிலில் பூஜை போட்டு, டேஷ்போர்டில் ஒரு பிள்ளையாரை ஒட்டுவது நம்ம ஊர் வழக்கம். ஆனால், இடப்பக்கம் ஒட்டினால் சிக்கல். அந்த மூடிக்கு அடியில்தான் பயணிக்கான ஏர்பேக் இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் புதிய மாடல் கார்களில் அது கட்டாயம்.

விபத்து நடந்தால் சுமார் 30 மில்லி செகண்டில், அதாவது கண் சிமிட்டும் முன்பே, ஏர்பேக் விரிந்துவிடும். மூடியின் அடிப்பக்கத்தில் வெளியே தெரியாதபடி மெல்லிய கோடு போட்டு வைத்திருப்பார்கள். கிழியும்போது அந்தக் கோட்டில் மட்டும்தான் கிழிய வேண்டும். மேலே சிலை இருந்தால் அது முகத்தை நோக்கிப் பறக்கும்.

இதை யோசிப்பது யார்?

காரின் உள்பாக டிசைன் இன்ஜினியர். டேஷ்போர்டு, கதவின் உள்பக்கம், சீட், கூரை என கை படும் எல்லாமே இவர் பொறுப்பு. தொண்டூர், செஞ்சி பக்கத்து பிள்ளைகளுக்கு இந்த வேலை ரொம்ப தூரத்தில் இல்லை. திண்டிவனம், செங்கல்பட்டு தாண்டி சிங்கப்பெருமாள் கோவிலில் திரும்பினால் ஒரகடம். கார் ஆலைகளோடு, வாகனங்களைச் சோதிக்கும் மத்திய அரசின் ஆய்வு மையமும் அங்கேதான் இருக்கிறது.

அழகு மட்டும் போதாதா?

போதாது. ஐ.நா.வின் 21-ம் எண் விதிப்படி, தலை மோதக்கூடிய இடத்தில் விளிம்பின் வளைவு ஆரம் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மணிக்கு 24.1 கி.மீ. வேகத்தில் பொம்மைத் தலையை மோதவிட்டுப் பார்ப்பார்கள். அதன் வேகம் குறையும் அதிர்வு, புவியீர்ப்பைப் போல 80 மடங்கை 3 மில்லி செகண்டுக்கு மேல் தாண்டக் கூடாது. இந்தியாவின் ஏ.ஐ.எஸ்-047 இதை ஒட்டியதுதான்.

இட்லித் தட்டு கணக்கு

பெரும்பாலான பாகங்கள் உருக்கிய பிளாஸ்டிக்கை மோல்டில் செலுத்தி எடுப்பவை. இட்லித் தட்டின் குழி ஓரம் சரிவாக இருப்பதால்தானே இட்லி பிய்யாமல் வருகிறது? மோல்டிலும் அதே கதைதான். சுவர்களுக்கு ஓரிரு டிகிரி சாய்வு கொடுக்கணும். வலுவுக்காகப் பின்னால் வைக்கும் பட்டை தடிமனாகிவிட்டால், ஆறும்போது முன்பக்கம் குழி விழும். ஷோரூமில் முதலில் கண்ணில் படுவது அந்தக் குழிதான்!

மோல்டு ஸ்டீலில் செய்வது. அதைச் செதுக்கி எடுப்பது எளிது, திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு. அதனால் சந்தேகம் உள்ள இடத்தில் பிளாஸ்டிக்கைக் குறைவாகவே டிசைன் பண்ணிவிட்டு, சோதனைக்குப் பிறகு ஸ்டீலைச் செதுக்கிக் கூட்டுவார்கள்.

என்ன படிக்கணும்?

மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் அல்லது பிளாஸ்டிக் டெக்னாலஜி. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஆட்டோமொபைல் படிப்பு உண்டு. டிப்ளமோ முடித்தவர்களுக்கு கிண்டி சிப்பெட்டில் மோல்டு டிசைன் படிப்பு இருக்கிறது. கேட்டியா, என்.எக்ஸ் சாஃப்ட்வேர் தெரிந்திருக்கணும். ஆனால் சாஃப்ட்வேர் மட்டும் கற்றுக்கொண்டு வருபவர்கள் இன்டர்வியூவில் தடுமாறுவது, மேலே சொன்ன இட்லித் தட்டு மாதிரி கேள்விகளில்தான்.