தாழ்வாரமும் கொல்லையும்

புதுச்சேரி வீடுகளைப் பற்றி எழுதப் புகுவோர் பலரும் காகிதப்பூ படர்ந்த மஞ்சள் மதிலோடு நின்றுவிடுகிறார்கள். கால்வாய்க்கு மேற்கேயுள்ள தமிழர் வீதிகளை நாம் சற்று நின்று பார்க்கலாம்.

1761-இல் ஆங்கிலேயர் இந்நகரைத் தரைமட்டமாக்கினர். 1765-இல் பிரெஞ்சுக்காரர் திரும்பியபின், லா தெ லோரிஸ்தோன் ஆளுநராயிருந்த காலத்தில் மீண்டும் வீடுகள் எழத் தொடங்கின. நாம் 'பழைய வீடு' என்பது பெரும்பாலும் அந்த அழிவுக்குப் பிற்பட்டதே.

வெள்ளையர் பகுதியில் தோட்டம் உயர்ந்த மதிலுக்குள் ஒளிந்திருக்கிறது. தமிழர் வீடோ வீதியிலேயே தொடங்கிவிடுகிறது: மரத்தூண்கள் தாங்கிய ஓட்டுத் தாழ்வாரம், திண்ணை, மழையும் வெயிலும் இறங்கும் முற்றம், கடைசியில் கிணறும் முருங்கையுமாய்க் கொல்லை. வழிப்போக்கருக்கு நிழல் தந்தது வீட்டுக்காரர் செலவில் நட்ட தூண். பிற்காலத்தில் சில வீடுகளின் மாடியில் பிரெஞ்சு வளைவுச் சன்னல்கள் ஏறின.

வண்டி நிறுத்தவும் கடை வைக்கவும் முதலில் பலியானது திண்ணைதான். இடித்தவரைப் பழிப்பது எளிது. உத்தரம் மாற்றவும் சுண்ணாம்புச் சாந்து பூசவும் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைந்தவருக்கே அதன் அருமையும் செலவும் தெரியும்.

2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடும், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நேவ்-சுர்-லோ நகரங்களின் கூட்டுறவோடும் வைசியாள் வீதி முகப்புகளை இன்டாக் செப்பனிட்டது. 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. ஆனால் 2014 நவம்பர் மழையில், கடற்கரையிலிருந்த நகராட்சிக் கட்டடமான மேரியே சரிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே கட்டி அதனை 2021-இல் திறந்தார்கள். அரசுக்கே ஆறாண்டுக்கு மேல் பிடித்த வேலையைத்தான் வைசியாள் வீதிக் குடும்பங்களிடம் நாம் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.