யாருடைய சத்தம் தொல்லை? கச்சேரிக் கூட்டத்தின் சாதி வரலாறு



போன வாரம் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு திறந்தவெளி இசை நிகழ்ச்சிக்குப் போயிருந்தோம். முதல் அடி பறையில் விழுந்ததுமே உடம்பில் ஒரு சூடு ஏறியது. கானாவும் ராப்பும் ஒப்பாரியும் ஒரே மேடையில். மைதானம் முழுக்க நம் சனம். இப்படி ஒரு சாயங்காலம் எப்போதாவதுதான் கிடைக்கிறது.

இரண்டாவது பாட்டிலேயே முன்னால் நின்ற ஒரு தம்பி செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். எங்களுக்குப் பின்னால் பாட்டியோடு வந்திருந்த ஒரு சிறுமி நாற்காலி மேல் ஏறி நின்றும் மேடை தெரியவில்லை. பக்கத்தில் இருவர் பாட்டு முழுக்க ஆபீஸ் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நெரிசலைச் சாக்காக வைத்து ஒருவன் எங்கள் பெண் தோழர்கள் மேல் வந்து விழுந்துகொண்டே இருந்தான். இரண்டு முறை சொல்லிப் பார்த்து, மூன்றாவது முறை வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று.

திரும்பும்போது டீக்கடையில் இளந்தோழர் ஒருவர் சலித்துக்கொண்டார்: "நம்ம சனத்துக்குக் கச்சேரி கேக்கவே தெரியல தோழர். சபாவுல போய்ப் பாருங்க, குண்டூசி விழுந்தா கேக்கும்."

அவருடைய எரிச்சல் நியாயமானது. ஆனால் அவர் சொன்ன வரலாறு தப்பு. அதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் குண்டூசி. சபாவுக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கேயும் செல்போன் அடிக்கும். பாட்டு நடக்கும்போதே பட்டுப்புடவை விலை பேசுவார்கள். தப்புத் தாளத்தைத் தொடையில் ஓங்கித் தட்டுகிறவர் பக்கத்து இருக்கையில் கட்டாயம் இருப்பார். எல்லாவற்றுக்கும் மேல் தனி ஆவர்த்தனம். பாட்டும் வயலினும் நின்று மிருதங்கம், கடம், கஞ்சிரா மட்டும் பேசத் தொடங்கும் நேரம் அது. அந்த நேரம் பார்த்துக் கூட்டம் கூட்டமாக எழுந்து கேன்டீனுக்குப் போவது சபா உலகில் எல்லோரும் அறிந்த பழைய புகார். மிருதங்க வித்வான்களே இதைச் சொல்லி வருந்தியிருக்கிறார்கள்.

அந்த மிருதங்கத்தை யார் செய்தது? பசு, ஆடு, எருமைத் தோல்களைப் பதம் பார்த்து எடுத்து, வார் இழுத்துக் கட்டி, நாதம் வரும்வரை இழைத்துக் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவக் குடும்பங்களைச் சேர்ந்த கைவினைஞர்கள். டி.எம். கிருஷ்ணா அவர்களின் வரலாற்றை 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று 2020இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதன் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாசேத்திரா கடைசி நேரத்தில் திரும்பப் பெற்றது. தோலின் நாதம் வேண்டும், தோலைத் தொட்ட கையைப் பற்றிய பேச்சு மட்டும் அரங்கத்துக்கு ஆகாது. நம் ஆட்களின் உழைப்பு தனியாக ஒலிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் காபி குடிக்கப் போகிறவர்களிடமிருந்தா நாம் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்?

அமைதியாக உட்கார்ந்து கேட்பது யாருக்கும் பிறவிக் குணம் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் ஓபராவில் பிரபுக்கள் பாட்டின்போதே பேசினார்கள், ஒருவரையொருவர் பார்க்கப் போனார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான் அங்கே மெல்ல மெல்ல மௌனம் வழக்கமானது. 1876இல் பைராய்த்தில் தன் அரங்கைத் திறந்த வாக்னர், பார்வையாளர் பகுதியின் விளக்குகளைக் குறைத்து எல்லோர் கண்ணையும் மேடைப் பக்கம் திருப்பினார். கேட்கும் முறை என்பது காலப்போக்கில் பழகிக்கொண்டது. ஆகவே எந்தச் சாதியின் பரம்பரைச் சொத்தும் அல்ல.

நம் ஊரில் யாருக்கு அதைப் பழக இடம் கிடைத்தது என்பதுதான் கேள்வி. சபாக்கள் வருவதற்கு முன் கச்சேரி நடந்த இடங்கள் கோயிலும் அரண்மனையும் ஜமீன் வீடும். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய முடிந்ததே 1939 ஜூலை 8இல்தான். அதுவரை உள்ளே ஒலித்த நாகஸ்வரத்தை நம் பாட்டன் பூட்டன் மதிலுக்கு வெளியே நின்றுதான் கேட்க முடியும். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. தெலுங்குக் கீர்த்தனைகளின் ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்த தமிழிசை இயக்கம் 1943இல் தமிழ் இசைச் சங்கத்தை உருவாக்கியது. பாட்டின் மொழி பற்றி அன்று பெரிய சண்டை நடந்தது. நாற்காலியில் உட்காருகிறவரின் சாதி பற்றி அந்த அளவுக்குச் சண்டை நடக்கவில்லை. சபா வாசலில் பலகை மாட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. சபா இருந்த தெரு, உறுப்பினர் சந்தா, உள்ளே போனால் மேல் விழும் பார்வை, இவை போதும்.

வெளியே தெருவில் கதை வேறு மாதிரி. பறை அடிக்கச் சொன்னதும் அவர்கள்தான், அதைத் தீட்டு என்றதும் அவர்கள்தான். ஊர்ச் சாவுக்குக் கட்டாயமாக அடிக்க வேண்டும், நம் வீட்டுக் கல்யாண ஊர்வலத்தில் அடித்தால் கலவரம். காலனியக் காலப் போலீஸ் சட்டம், திருவிழாக்களின்போது தெருவில் எவ்வளவு இசை ஒலிக்கலாம் என்று ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைப் போலீசுக்குக் கொடுத்தது. எது இசை, எது இரைச்சல் என்று ஊரில் யார் முடிவு செய்திருப்பார்கள் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சத்தம் இருக்கட்டும், நம் உடம்பே பொதுவெளியில் தொல்லையாகத்தான் பார்க்கப்பட்டது. பொதுச்சாலையில் நடக்கவும் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்பதற்கே 1924இல் சென்னை மாகாண சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பிறகு வந்த அரசியலமைப்பின் 15(2) பிரிவைத் தோழர்கள் நிதானமாகப் படித்துப் பாருங்கள். கடை, உணவகம், கிணறு, சாலையோடு பொதுக் கேளிக்கை இடங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 1955 தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அந்த இடங்களில் சாதி காட்டித் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்திலும் அது இருக்கிறது. பாட்டுக் கேட்டு மகிழ்வதும் உரிமை என்று எழுதி வாங்கியிருக்கிறோம். சோறும் நிலமும் கேட்பவர்களுக்குக் கேளிக்கை எதற்கு என்று யாராவது கேட்டால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

சட்டம் கதவைத் திறந்தது. மேடையை நாமேதான் கட்டினோம். 1990இல் திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். 90களில் மதுரையில் நடந்த தலித் கலை விழாக்கள், சாவுக்கு என்று ஒதுக்கிய பறையை விடுதலையின் கருவியாக மேடையேற்றின. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரி நடத்தியது. பண்டிதர் அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து வந்த பெயர் அது. 2020 டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கி, சபாக்காரர்களின் மாதம் என்றிருந்த மார்கழியிலேயே நம் பாட்டைப் பாடவைத்தது. இந்த மேடைகளுக்குக் கீழே ஆடலாம், விசில் அடிக்கலாம், கூடப் பாடலாம். அது நம் கேட்கும் முறை. அதற்காக நாம் யாரிடமும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அப்படியென்றால் அந்தச் செல்போன் தம்பி செய்தது சரியா? இல்லை. ஆடுவது வேறு, அடுத்தவர் கண்ணை மறைப்பது வேறு. விசில் அடிப்பதால் யாருடைய பாட்டும் பறிபோவதில்லை. தலைக்கு மேல் தூக்கிய போனால் ஒரு சிறுமியின் கச்சேரி பறிபோகிறது. பெண்கள் மேல் விழுந்தவன் செய்தது தொல்லைகூட இல்லை, குற்றம். 'நம்ம பையன்தானே, விடுங்க' என்று அதை மூடி மறைத்தால், மதிலுக்கு வெளியே நின்ற நாம் இன்று பெண்களை மதிலுக்கு வெளியே நிறுத்துகிறோம் என்றுதான் பொருள். அடுத்த முறை அந்தத் தோழர்கள் வரமாட்டார்கள். நாமும் பலகை மாட்டாமலேயே வாசலை அடைத்தவர்கள் ஆவோம்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர், சகோதரத்துவம் இல்லாமல் சுதந்திரமும் சமத்துவமும் இயல்பாக நிலைக்காது என்று வாதிட்டார். அதைத் தான் புத்தரிடமிருந்து எடுத்துக்கொண்டதாகவும் பின்னாளில் சொன்னார். மைத்ரி என்றால் பெரிய தத்துவம் என்று நினைக்கிறோம். நெரிசலான மைதானத்தில், பின்னால் நிற்கிறவருக்குத் தெரிகிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பதும் அதுதான். சபா ஒழுங்கு, யார் உள்ளே வரலாம் என்று பார்த்தது. நமக்கு வேண்டிய அக்கறை, வந்த எல்லோருக்கும் பாட்டு போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது.

அடுத்த மாதம் எங்கள் பகுதியில் நிகழ்ச்சி இருக்கிறது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் முன்வரிசை, ஆடுகிறவர்களுக்குப் பக்கவாட்டில் தனி இடம், பெண் தோழர்கள் தலைமையில் தொண்டர் குழு, முதல் பாட்டுக்குப் பிறகு போன் பைக்குள். இவ்வளவையும் மேடையிலேயே சொல்லிவிட முடிவு செய்திருக்கிறோம். டீக்கடையில் சலித்துக்கொண்ட தோழர்தான் அன்று மைக் பிடிக்கப்போகிறார். வாருங்கள், பாட்டியையும் கூட்டி வாருங்கள்.

ஜெய்பீம்.