கடவத்தையும் சேவையகமும்: அரணின் குறை களைதல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அரணை அரசின் உறுப்புக்களுள் ஒன்றாக எண்ணுதல் தமிழர் அரசியற் சிந்தனையில் நெடுங்காலமாக நிலவிவரும் மரபாகும். திருக்குறள் அரணுக்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளது. மதிலின் உயரமும் அகழியின் ஆழமும் எக்காலத்தும் போற்றப்பட்டு வந்துள்ளன. ஆயின், அரணிலுள்ள குறை எவ்வாறு அறியப்படுகிறது, அறியப்பட்ட குறை எத்துணை விரைவில் அடைக்கப்படுகிறது என்னும் வினாக்களே ஓர் அரணின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. கண்டி இராச்சியத்தின் காவல் முறையைத் தொடக்கமாகக் கொண்டு, இணையச் சேவையக மென்பொருள்களின் பாதுகாப்புக் குறைகள் களையப்பட்டு வந்த வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போர்த்துக்கேயர் 1594இல் தந்துறையிலும், 1630இல் றந்தெனிவெலவிலும், 1638இல் கன்னொருவையிலும் கண்டிப் படைகளிடம் பெருந்தோல்வி கண்டனர். 1803இல் தலைநகரினுட் புகுந்த ஆங்கிலேயப் படையும் சில மாதங்களில் அழிவுற்றது. இவ்வெற்றிகளுக்குக் கற்கோட்டைகள் காரணமல்ல. மலையும் காடும் ஒற்றையடிப் பாதைகளுமே கண்டியின் மதில்களாக விளங்கின. 1660 தொடக்கம் 1679 வரை இந்நாட்டிற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், பாதைகளின் குறுக்கே நிறுத்தப்பட்ட முட்கதவுகளையும், அவற்றைக் கடந்து செல்வோர் காட்டவேண்டிய களிமண் முத்திரைகளையும் விவரித்துள்ளார். கடவத்தை எனப்பட்ட இக்காவலிடத்தில் வருபவர் எவர், அவருக்கு அனுமதி உண்டா என்பன வினவப்பட்டன. பாதைகளை அகலமாக்காது, காட்டை வெட்டாது மறைத்து வைத்தலே அரசரின் கொள்கையாயிருந்தது.

மறைப்பையே நம்பிய இவ்வரணின் குறையை வெளிப்படுத்தியவரும் அதே நொக்ஸ்தான். சிறு வியாபாரியாக ஊரூராகத் திரிந்த அவர், வழிகளைப் பல ஆண்டுகள் பொறுமையுடன் ஆராய்ந்து, ஈற்றில் அநுராதபுரத்தின் வழியே வடதிசை சென்று, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1814இல் எகலப்பொல ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தமையும், ஜோன் டொயிலி ஒற்றர் மூலம் திரட்டிய செய்திகளும் மறைப்பை முற்றாகப் பயனற்றதாக்கின. 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தானது. குறையைப் பிறர் அறியாதிருக்கும் வரையே மறைப்பு அரணாகும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இணையச் சேவையகம் என்பது, உலகின் எப்பகுதியிலிருந்தும் எவரும் வந்து தட்டக்கூடிய வாயிலை இடையறாது காத்துநிற்கும் செய்நிரலாகும். கேட்டவருக்குக் கேட்ட பக்கத்தைக் கொடுப்பதும், கொடுக்கத்தகாததை மறுப்பதும் அதன் தொழில். மறுக்கவேண்டிய இடத்தில் அது கொடுத்துவிடுமாயின், அதுவே பாதுகாப்புக் குறை எனப்படும். அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் றொப் மக்கூல் என்பார் ஆக்கிய சேவையகமே தொண்ணூறுகளின் முற்பகுதியிற் பெரிதும் வழங்கியது. அவர் 1994இல் அந்நிறுவனத்தை விட்டு நீங்கவே, மென்பொருள் கவனிப்பாரற்றுப் போயிற்று. அதனைப் பயன்படுத்தியோர் தத்தமக்குத் தோன்றிய குறைகளைத் தாமே திருத்தினர். 1995 பெப்ரவரியில் அவர்களுட் சிலர் ஒன்றுகூடித் தம் திருத்தங்களைத் தொகுத்ததன் பயனாகத் தோன்றியதே அப்பாச்சி சேவையகம். ‘ஒட்டுப் போட்டது’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் ஒலி அப்பெயரில் இருப்பதாகக் கூறுவர். அமெரிக்கப் பழங்குடியினர்பாற் கொண்ட மதிப்பினால் இட்ட பெயரென்பதும் அதனை ஆக்கியோரின் கூற்றாகும். எவ்வாறாயினும், ஓராண்டு கழிந்து 1996 ஏப்ரலில் அதுவே உலகில் மிகுதியாக வழங்கும் சேவையகமாயிற்று.

கண்டி மன்னர் வழியை மறைத்தனர். அப்பாச்சிக் குழுவினரோ தம் செய்நிரலை அனைவர்க்கும் திறந்து வைத்தனர். திறந்து வைத்தலும் முழுக் காப்பன்று. பல சேவையகங்களில் இணைந்தியங்கும் ‘ஓப்பின் எஸ்.எஸ்.எல்.’ என்னும் மென்பொருளில் 2012இல் புகுந்த பெருங்குறை, யாவரும் படிக்கக்கூடிய நிலையிலிருந்தும் 2014 ஏப்ரல் வரை வெளிப்படவில்லை. மேலும், திருத்தம் வெளியாகும் கணமே குறை எங்குள்ளது என்பதைப் பகைவரும் அறிந்துகொள்கின்றனர். ஆகவே, திருத்தம் வெளியாவதற்கும் அதனை நிறுவனங்கள் ஏற்பதற்கும் இடைப்பட்ட காலமே மிகுந்த ஆபத்துடையது.

மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தன் சேவையகத்திலிருந்த ஒரு குறைக்கு 2001 யூன் 18இல் திருத்தம் வெளியிட்டது. அளவு மீறிய நீளமுடைய ஒரு வேண்டுகோள், நினைவகத்தில் ஒதுக்கப்பட்ட இடத்தைத் தாண்டி வழிந்து, அந்நியரின் கட்டளையைச் செயற்படுத்த இடமளித்தமையே அக்குறை. ‘கோட் றெட்’ என்னும் தீநிரல் யூலை 19ஆம் நாள் பதினான்கு மணித்தியாலத்துக்குள் ஏறத்தாழ 359,000 கணினிகளைப் பற்றியது. மருந்து ஒரு மாதத்திற்கு முன்னரே கிடைத்திருந்தும், அருந்தியோர் போதவில்லை. சேவையகங்களின்மேல் இயங்கும் ‘ஸ்ட்ரட்ஸ்’ என்னும் மென்பொருளுக்கு 2017 மார்ச்சில் வெளியான திருத்தத்தை ஏற்காமையால், அமெரிக்காவின் ஈக்குவிஃபக்ஸ் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 147 மில்லியன் மக்களின் விபரங்கள் களவுபோயின.

விரைவு மட்டும் போதாதென்பதையும் வரலாறு உணர்த்துகிறது. 2021 செப்டெம்பரில் வெளியான அப்பாச்சி 2.4.49ஆம் பதிப்பு, பாதையின் பெயரை வேறு குறியீட்டில் எழுதி அனுப்புவோரை, உரிய தடை அமைக்கப்படாதவிடத்து, விலக்கப்பட்ட கோப்புக்களிடத்துச் செல்லவிட்டது. ஒக்டோபர் 4இல் வந்த திருத்தம், அக்குறியீட்டை இருமுறை மாற்றி எழுதுவோரைத் தடுக்கத் தவறியது. மூன்று நாளின் பின் 2.4.51ஆம் பதிப்பு அதனையும் அடைத்தது. ஒரு வழியை அடைப்பவர் அதனை ஒத்த ஏனைய வழிகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வரலாறு இலங்கைக்குப் புறம்பானதன்று. 2005இல் சஞ்சீவ வீரவரணவும் பிறரும் நிறுவிய டபிள்யூ.எஸ்.ஓ.2 இங்கு வளர்ந்து உலகளவில் மென்பொருள் வழங்கும் நிறுவனமாகும். அனுமதி பெறாதவரும் சேவையகத்திற் கோப்பொன்றை ஏற்றி, அதனை அங்கேயே இயக்கக்கூடிய குறையொன்று அதன் மென்பொருள்களிற் காணப்பட்டு, 2022 ஏப்ரலில் பகிரங்கமாயிற்று. களிமண் முத்திரையைக் கேளாது முட்கதவைத் திறந்த காவலனின் செயலை இது ஒத்தது. நிறுவனம் திருத்தங்களை வெளியிட்டிருந்தும், ஏற்காதவர்களின் சேவையகங்கள் தாக்கப்பட்டன.

2023 ஓகஸ்ட் 26இல் இலங்கை அரசின் இணைய முகில் தாக்கப்பட்டபோது நேர்ந்தது இதனினும் கவலைக்குரியது. மே 17 தொடக்கம் அன்று வரையான மின்னஞ்சல்கள் மீட்கமுடியாது அழிந்தன. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. அங்கு வழங்கிய மின்னஞ்சற் சேவையகம் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான திருத்தங்கள் 2023 ஏப்ரலுடன் முற்றாக நின்றுவிட்டன. 2021 முதலே புதிய பதிப்புக்கு மாற எண்ணியிருந்தும், நிதியின்மையாலும் முன்னைய தீர்மானங்களாலும் அது தாமதமுற்றதென அதிகாரிகள் கூறினர். இங்கு குறை அறியப்பட்டிருந்தது, பரிகாரமும் அறியப்பட்டிருந்தது. அவ்விரண்டையும் இணைக்கவேண்டிய நிருவாகமே தளர்ந்திருந்தது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பாதுகாப்புக் குறை களைதல் என்பது தொழினுட்பவியலாளருக்கு மட்டும் உரிய கருமமன்று என்பது புலனாகும். பழைய பதிப்பை மாற்றப் பணம் ஒதுக்குதலும், திருத்தம் வந்த அன்றே அதனை ஏற்க ஒருவரைப் பொறுப்பாக்குதலும், பிரதிகளை வேறிடத்திற் பேணுதலும் ஆட்சியின் கடமைகளாகும். பலனைக் கணவாயிற் காவலர் ஒரு போருக்கு மட்டும் நிறுத்தப்படவில்லை. காவல் நாள்தோறும் நடைபெறவேண்டியதாயிருந்தது. மக்களின் பிறப்பும் காணியும் கல்வியும் பற்றிய பதிவுகள் கணினியிற் குடிபுகுந்துவரும் இக்காலத்தில், அந்நாளாந்தக் காவலே நாட்டின் அரண் எனத் துணிந்து கூறலாம்.