விலைக்கு வந்த பல்கலைக்கழகம்

1923ம் வருடம் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகம் விலைக்கு வந்தது. வாங்க முன்வந்தது யார் தெரியுமா? கூ க்ளக்ஸ் கிளான்! வெள்ளை முக்காடு, எரியும் சிலுவை, கறுப்பர் மேலும் யூதர் மேலும் கத்தோலிக்கர் மேலும் வெறுப்பு... அதே கிளான்தான். அப்போது இண்டியானாவில் அதற்கு இருந்த செல்வாக்கு கொஞ்சநஞ்சமல்ல. மாநில அரசியலே அதன் கைக்குள் இருந்தது என்று சொல்லலாம். ஒரு பல்கலைக்கழகமும் கையில் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்திருப்பார்கள் போல. பேச்சுவார்த்தை வெகுதூரம் போனது. கடைசியில் பணம் புரளவில்லை, பேரம் முறிந்தது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வால்பரைசோ. சிகாகோவிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரத்தில் அதே பெயருள்ள சின்ன ஊரில் இருக்கிறது. லுத்தரன் பல்கலைக்கழகம் என்று இன்று அறியப்படும் இது, ஆரம்பத்தில் லுத்தரன்களுடையது அல்ல.

1859ல் ஊர் மக்கள் 11,000 டாலர் திரட்டி, எங்கள் ஊரில் கல்லூரி தொடங்குங்கள் என்று மெதடிஸ்ட் சபையைக் கூப்பிட்டார்கள். 75 மாணவர்களோடு ஆரம்பித்தது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கலாம் என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். பெயர் கல்லூரிதானே ஒழிய, படித்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள்! பிறகு உள்நாட்டுப் போர் வந்தது, பையன்கள் போருக்குப் போனார்கள். அரசுப் பள்ளிகளும் பெருகின. 1871ல் கல்லூரியை மூடிவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து அதைத் திறந்தவர் ஹென்றி பேக்கர் பிரவுன். இந்தக் கதையில் மிகவும் சுவாரசியமான ஆள் இவர்தான். ஏழைக்கும் படிப்பு கிடைக்க வேண்டும் என்பது ஒன்றே அவருடைய கொள்கை. நுழைவுத் தேர்வு கிடையாது. கட்டணமும் மிகக் குறைவு. இவருக்குத் துணையாக வந்த ஆலிவர் பெர்ரி கின்சி, தங்கும் இடத்தையும் சாப்பாட்டையும் முடிந்தவரை மலிவாகக் கொடுக்க வழி பார்த்தார். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளும், வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களும் வந்து குவிந்தார்கள். முதல் உலகப் போர் சமயத்தில் மாணவர் எண்ணிக்கை 5000ஐத் தொட்டது. ஊரின் மக்கள்தொகையே அப்போது சுமார் 7000தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "ஏழைகளின் ஹார்வர்ட்" என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. செனட்டர் ஜார்ஜ் நாரிஸ், பத்திரிகையாளர் லோவெல் தாமஸ் எல்லாம் இங்கே படித்தவர்கள்தான்.

ஆனால் ஒரு மனிதரை நம்பி நிற்கும் நிறுவனத்துக்கு அந்த மனிதர் போனால் என்ன ஆகும்? 1917ல் பிரவுன் இறந்தார். போருக்குப் பின் மாணவர் வரத்து சரிந்தது, கடன் ஏறியது. போதாததற்கு 1923 பிப்ரவரியில் பழைய கல்லூரிக் கட்டடம் எரிந்து போனது. அந்த நேரத்தில்தான் கிளான் வந்து கதவைத் தட்டியது.

1925ல் லுத்தரன் போதகர்களும் சாதாரண சபை மக்களும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து இதை வாங்கினார்கள். இவர்களில் பெரும்பாலோர் மிசௌரி சினாடைச் சேர்ந்த ஜெர்மானிய வம்சாவளியினர். (ஆம்பூர்க்காரர்களுக்கு மிசௌரி சினாட் புதிதல்ல. அங்கே பெதஸ்தா மருத்துவமனையைத் தொடங்கியதும் அதே சபையின் மிஷன்தான்.) இதில் கவனிக்க வேண்டியது, சபை வாங்கவில்லை, சபை மக்கள் வாங்கினார்கள். பல்கலைக்கழகம் சபைத் தலைமையின் சொத்தாக ஒருபோதும் ஆகவில்லை. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் பின்னால் நடந்தவற்றுக்கு இதுதான் அஸ்திவாரம்.

1940லிருந்து 1968 வரை தலைவராக இருந்தவர் ஓ.பி.கிரெட்ஸ்மன். அவர் காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை எந்தப் பொறியியல் மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது இங்கே பொறியியல் முழுப் பட்டத்துக்குப் படிக்க முடியாது. கொஞ்ச காலம் படித்துவிட்டு பர்டியூ பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போக வேண்டும். முழுப் படிப்பு வேண்டுமானால் ஆய்வகம் வேண்டும், ஆய்வகத்துக்குப் பணம் இல்லை. மாணவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கட்டடத்தை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்! 1948ல் வேலை தொடங்கியது. கட்டப் போகிறவர்களும் அவர்கள்தான், அதில் படிக்கப் போகிறவர்களும் அவர்கள்தான். அடுத்த வருடம் கட்டடம் எழுந்து நின்றது. 1951ல் இது திரைப்படமாகவும் வந்தது. நம்மூரில் ஒரு லேப் ரெக்கார்டை முடிக்கவே என்ன பாடு படுகிறோம்!

1956ல் மறுபடி ஒரு தீ. இந்த முறை எரிந்தது வழிபாட்டுக் கூடம் இருந்த கட்டடம். 1959ல் அர்ப்பணிக்கப்பட்ட புதிய ஆலயம் அமெரிக்கக் கல்லூரி ஆலயங்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று. காலை வழிபாட்டு நேரத்தில் வகுப்பு வைக்காமல் விடுவது இங்கே வழக்கம். வருவதும் வராததும் அவரவர் விருப்பம்.

எல்லாம் ஒற்றுமையாகவே போனது என்று சொல்ல முடியாது. 1970ல் வியட்நாம் போர் எதிர்ப்புக் கொந்தளிப்பில் கின்சி பெயரைத் தாங்கிய கட்டடம் தீக்கிரையானது. மலிவாகச் சாப்பாடு போட்ட மனிதரின் பெயர், பாவம்.

பெயர் என்றதும் இன்னொன்று. இந்தப் பல்கலைக்கழக விளையாட்டு அணிகளுக்கு முதலில் "உலான்ஸ்" என்று பெயர். ஜெர்மானியக் குதிரைப்படை வீரர்களைக் குறிக்கும் சொல் அது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியே எதிரியான பிறகு அது எப்படி நிற்கும்? 1942ல் "குருசேடர்ஸ்" என்று மாற்றினார்கள், அதாவது சிலுவைப் போர் வீரர்கள். கிட்டத்தட்ட எண்பது வருடம் அந்தப் பெயர் ஓடியது. 1998ல் மிசிசிப்பி அணிக்கு எதிராகக் கடைசி நொடியில் பிரைஸ் ட்ரூ போட்ட கூடையை நாடே பார்த்தபோதும் அதே பெயர்தான். 2021ல் அதைக் கைவிட்டு "பீக்கன்ஸ்" ஆனார்கள். சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, வெறுப்புக் கும்பல்கள் அந்தச் சொல்லைத் தங்கள் அடையாளமாக்கிக்கொண்டன என்பது. கூ க்ளக்ஸ் கிளானோடு தொடர்புடைய ஒரு பத்திரிகையின் பெயரே "தி குருசேடர்"! 1923ல் வாசல் வரை வந்து திரும்பிய கிளான், 2021ல் பெயர் விவாதத்தில் மறுபடி எட்டிப் பார்த்தது.

அதற்குள் பணக் கஷ்டமும் திரும்பி வந்துவிட்டது. 1879ல் தொடங்கிய சட்டக் கல்லூரி 2020ல் மூடப்பட்டது. 2023ல் நிர்வாகம் ஓர் அறிவிப்பு செய்தது. அருங்காட்சியகத்தில் உள்ள மூன்று ஓவியங்களை விற்று, முதலாண்டு மாணவர் விடுதிகளைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று. அதில் ஒன்று ஜார்ஜியா ஓ'கீஃப் வரைந்தது, 1962ல் வாங்கியது. விடுதி ஒழுகினால் ஓவியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றது ஒரு தரப்பு. கலைக்காகக் கொடுத்த சொத்தை அறை கட்ட விற்கலாமா என்றது இன்னொரு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 1948ல் பணம் இல்லாதபோது மாணவர்களே இறங்கி வேலை செய்தார்கள், இந்த முறை முடிவு மேலிருந்து வந்தது. எதிர்த்தவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். அவர்களில் ஒருவர் ரிச்சர்ட் பிரௌவர். அந்த அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர், அதற்குச் சூட்டியிருப்பதும் இவர் பெயர்தான். தொண்ணூறு வயதைக் கடந்திருந்த அந்த மனிதர், ஓவியங்களை விற்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.