குடிசை மாற்று வாரியம்: நமக்குத் தெரிய வேண்டிய கதை



'ஹவுசிங் போர்டு' என்று நாம் பொதுவாகச் சொல்லும் கட்டிடங்களில் பல, உண்மையில் குடிசை மாற்று வாரியம் கட்டியவை. இந்த வாரியம் 1970-இல், மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது உருவானது. 2021-இல் இதற்குத் 'தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாறியது.

தொடக்கத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டித் தந்தார்கள். மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பம் ஓர் உதாரணம். வீடு மாறினாலும் மீனவர்கள் கடலை விட்டுப் போக வேண்டியிருக்கவில்லை.

1971-இல் ஒரு சட்டமும் வந்தது. ஓர் இடத்தைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்துவிட்டால், அங்கே அடிப்படை வசதிகள் செய்து தரலாம். குடியிருப்பவர்களுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. சென்னையில் 1971-இல் 1,202 பகுதிகளும், 1985-இல் மேலும் 17 பகுதிகளும் அறிவிக்கப்பட்டன. அதற்குப்பின் பல ஆண்டுகள் புதிய அறிவிப்பே இல்லை. நகரம் வளர்ந்தது, பட்டியல் வளரவில்லை. அதில் இடம்பெறாத மக்களை அப்புறப்படுத்துவது எளிதாயிற்று.

2000-க்குப் பிறகு போக்கே மாறியது. சுனாமி, 2015 வெள்ளம், ஆற்றுச் சீரமைப்பு, சாலைப் பணி என்று காரணங்கள் பல. ஆனால் அனுப்பப்பட்ட இடங்கள் பெரும்பாலும் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஒரே திசையில்தான். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கம் போனவர்களுக்குக் கெட்டியான கூரை கிடைத்தது. வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் 20 கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டன. வீட்டு வேலை செய்த பெண்கள் பலர் பஸ் செலவுக்கும் நேரத்துக்கும் ஈடுகொடுக்க முடியாமல் வேலையை விட்டார்கள்.

இன்று அந்தக் குடியிருப்புகளிலும் நம்மைப் போலவே சங்கங்கள் இருக்கின்றன. 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில், அவர்கள் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் பணம் தருகிறது. லிஃப்ட், மோட்டார், கழிவுநீர் என்று நம் கூட்டங்களில் பேசுவதையேதான் அவர்களும் பேசுகிறார்கள்.

அடுத்த முறை ஆற்றோரக் குடிசைகளை அகற்றும் செய்தியைப் படிக்கும்போது, "வீடுதான் கொடுத்துவிட்டார்களே" என்று நிறுத்திவிடாதீர்கள். "எங்கே கொடுத்தார்கள்?" என்றும் கேளுங்கள். நாம் வீடு வாங்கும்போது முதலில் கேட்ட கேள்வியும் அதுதானே!