குடும்ப வீடின்மைத் தடுப்பு (சேலம், நாமக்கல் சமவெளி)

குடும்ப வீடின்மை என்பது குழந்தைகளுடன் கூடிய ஒரு குடும்பம் நிலையான உறைவிடத்தை இழந்து நிற்கும் நிலையாகும். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சாலையோரம், நடைபாதை, மண்டபம், தொடர்வண்டி நிலைய மேடை போன்ற இடங்களில் வாழ்வோரை வீடற்றோர் எனக் கொள்கிறது. இந்தியாவில் இவர்களது எண்ணிக்கை 2001 இல் ஏறத்தாழ 19.4 இலட்சமாகவும் 2011 இல் 17.7 இலட்சமாகவும் இருந்தது. முதலாளியின் கொட்டகையில் குடியிருக்கும் குடும்பங்கள் இக்கணக்கில் அடங்கா.

காரணங்கள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் வேலையும் உறைவிடமும் பெரும்பாலும் பிணைந்துள்ளன. பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதி விசைத்தறிகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணம் பெற்ற தொழிலாளர் குடும்பங்கள் வேலையிடத்திலேயே தங்குவதுண்டு. இத்தகைய குடும்பம் வேலையை இழக்கும்போது வீட்டையும் இழக்கிறது. ஆகவே, வேலையிலிருந்து வீட்டைப் பிரித்துத் தனி உரிமையாக்குவதே இங்கு முதன்மையான தடுப்பு வழியாகும்.

தடுப்புச் சட்டங்கள்

* 1971 ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடியிருப்பு உரிமைச் சட்டம், பிறர் நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்த உழவர்க்கும் வேளாண் தொழிலாளர்க்கும் அம்மனையை உடைமையாக்கியது. விசைத்தறித் தொழிலாளரைக் கருதி இது இயற்றப்படவில்லை.
* அதே ஆண்டின் குடிசைப் பகுதிச் சட்டம், அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதிகளில் குடியிருப்போரை உரிய அலுவலரின் அனுமதியின்றி வெளியேற்ற வழக்குத் தொடர்வதைத் தடுக்கிறது.
* 1976 ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 8 ஆம் பிரிவின்படி, விடுவிக்கப்பட்டவரை அவர் வேலையின் பொருட்டுக் குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றலாகாது. வெளியேற்றினால் நிருவாக நடுவர் அவ்வீட்டை மீட்டுத்தர வேண்டும்.

வீட்டுத் திட்டங்கள்

1985 இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம், 2016 இல் பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டமாக மாற்றியமைக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2024 இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030 க்குள் குடிசைகளுக்கு மாற்றாக 8 இலட்சம் கான்கிரீட் வீடுகள் கட்ட இலக்கு வகுத்தது. ஒரு வீட்டின் பரப்பு 360 சதுர அடி, செலவு 3.5 இலட்சம் ரூபாய். மானியத்தில் வீடு கட்ட மனை தேவை என்பதால், மனையற்ற குடும்பத்திற்கு இலவச வீட்டுமனைப் பட்டாவே முதற்படியாகும்.

காப்பகங்கள்

2013 இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், ஒரு இலட்சம் நகர்ப்புற மக்களுக்குக் குறைந்தது நூறு பேர் தங்கும் காப்பக வசதி என்ற அளவை வகுத்தது. காப்பகம் இரவுத் தங்கலை அளிக்குமேயன்றி வீடின்மையை முடிவுக்குக் கொண்டுவராது. பின்லாந்து 2008 முதல் "முதலில் வீடு" என்னும் கொள்கையின்படி, வாடகை ஒப்பந்தத்துடன் கூடிய நிலையான வீட்டை முதலில் அளித்துப் பிற உதவிகளைப் பின்னர் வழங்குகிறது.

சிக்கல்கள்

ஏரிக்கரை, ஓடைக்கரை போன்ற நீர்நிலைப் புறம்போக்கில் குடியிருப்போர் அங்கேயே பட்டா பெறுவது அரிது. 2007 ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்ற வழிசெய்கிறது. மாற்று மனை முன்னதாக வழங்கப்படாவிடில், நீர்நிலையைக் காக்கும் நடவடிக்கையே புதிய வீடின்மைக்குக் காரணமாகிவிடும். தொலைவில் மாற்று மனை வழங்கினால் வேலைவாய்ப்பும் குழந்தைகளின் கல்வியும் பாதிக்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* கொத்தடிமை முறை
* பட்டா
* தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்