பழைய புனித ஆல்பன் தேவாலயம், கொலோன்

ஜெர்மனியின் கொலோன் நகரில், குர்ட்செனிக் விழா மண்டபத்தின் சுவரோடு ஒட்டிக் கூரையில்லாமல் நிற்கும் இடைக்காலத் தேவாலயம் இது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் இடிந்தது. 1959 முதல் போர்களில் இறந்தோரின் நினைவிடமாக இருக்கிறது.

ரோமானியர் காலந்தொட்டு மக்கள் வாழ்ந்துவரும் பழைய நகரப்பகுதியில் இது ஒரு பங்குக் கோயிலாக இருந்தது. ரோமனெஸ்க் பாணியில் எழுந்த கட்டடம் 17ஆம் நூற்றாண்டில் பெரிதும் மாற்றிக் கட்டப்பட்டது. குர்ட்செனிக் மண்டபம் 1440களில் பக்கத்தில் எழுந்தது. அதுமுதல் ஒரு சுவருக்கு இப்பால் வழிபாடும் அப்பால் நகரத்தாரின் விருந்தும் ஆட்டமும் நடந்துவந்தன.

போர்க்காலத்தில் கொலோன் மீது 262 முறை வான்தாக்குதல் நடந்தது. 1942 மே 30 இரவில் மட்டும் ஏறத்தாழ 1,000 பிரிட்டிஷ் விமானங்கள் வந்தன. போர் முடிந்தபோது உள்நகரத்தில் பெரும்பகுதி கற்குவியல். ஆல்பன் தேவாலயத்தில் மிஞ்சியவை கோபுரமும் சுற்றுச்சுவர்களும் தூண்களுமே.

நகரின் மற்ற ரோமனெஸ்க் தேவாலயங்களைப் பல்லாண்டு உழைத்து எடுத்துக் கட்டினார்கள். ஆல்பனைக் கட்டவில்லை. பங்கு மக்களுக்கு வேறிடத்தில் புதிய தேவாலயம் எழுந்தது. 1950களில் குர்ட்செனிக்கைச் சீரமைத்த ருடால்ஃப் ஷ்வார்ட்ஸ், கார்ல் பாண்ட் ஆகிய கட்டடக்கலைஞர்கள், இடிபாட்டை அப்படியே நிறுத்தி, மண்டபத்தின் புதிய முகப்புக்கூடத்தை அதைத் தழுவியபடி அமைத்தார்கள். கார்னிவல் கொண்டாட்டத்துக்கு வருபவர்கள் படியேறும்போதே கண்ணாடிக்கு அப்பால் வெட்டவெளியான அந்த நடுக்கூடத்தைப் பார்க்க நேர்கிறது. போருக்குப் பின் ஜெர்மனியில் எடுக்கப்பட்ட மிகத் துணிவான கட்டடக்கலை முடிவுகளில் இதையும் வைக்க வேண்டும்.

நடுக்கூடத்தில் முழந்தாளிட்டிருக்கும் கற்சிலைகள் இரண்டு: ஜெர்மன் சிற்பி கேத்தே கொல்விட்ஸின் ‘துயருறும் பெற்றோர்’. அவருடைய இளைய மகன் பீட்டர், 18 வயதில், முதல் உலகப் போரில், 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டான். படையில் சேர வயது போதாததால் அவனுக்குத் தந்தையின் ஒப்புதல் தேவைப்பட்டது. மறுத்த கணவரை இணங்க வைத்தவர் கேத்தே. அந்தக் குற்றவுணர்வு அவரை விடவில்லை. சிலையை முடிக்க ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆயின. 1932இல் பெல்ஜியத்திலுள்ள படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் அது நிறுவப்பட்டது. முதலில் மகனின் உடலையும் வடிக்க எண்ணியிருந்தார். பிறகு அதை விட்டுவிட்டார். தந்தை கைகளை இறுகக் கட்டிக்கொண்டு நிமிர்ந்திருக்கிறார். தாய் தலை கவிழ்ந்து குனிந்திருக்கிறாள். பீட்டரின் பெயரைத் தாங்கிய பேரனும் 1942இல் ரஷ்யப் போர்முனையில் மடிந்தான். போர் முடியச் சில நாட்களே இருந்தபோது, 1945 ஏப்ரல் 22இல் கேத்தே இறந்தார்.

கொலோனில் இருப்பவை பிரதிகள். சிற்பி எவால்ட் மட்டாரேயின் மாணவர்களான யோசஃப் பாய்ஸும் எர்வின் ஹீரிச்சும் அவற்றைச் செதுக்கினர். பாய்ஸ் போரில் ஜெர்மன் விமானப்படையில் இருந்தவர். கிரிமியாவில் விமானம் விழுந்து காயத்தோடு உயிர்பிழைத்தவர். 1959இல் குடியரசுத் தலைவர் தியோடோர் ஹாய்ஸ் நினைவிடத்தைத் திறந்துவைத்தார்.

மூலச் சிலைகள் 1950களில், கல்லறைகளோடு சேர்த்து, பெல்ஜியத்தின் விளாட்ஸ்லோவுக்கு மாற்றப்பட்டன. அங்கே 25,000க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். சிலைகளுக்கு முன்னால் பீட்டரின் பெயர் பொறித்த கல் கிடக்கிறது. கொலோனில் அந்தப் பெற்றோர் எதிரே இருப்பது வெறும் கல்தரை. அதன்மேல் மழை பெய்கிறது.